வரிசை நீட்டிய கை

எனக்கு எண்பத்தாறு நடக்கிறது. பெற்றது ஆறு. நாத்தனார் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஒன்பது. ஒன்பதும் ஆளாகி, அவரவர் வீட்டில் அதிகாரம் பண்ணிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்றால் பிறகு எதற்கு வளர்ப்பது?

அந்த ஒன்பதில் மூத்தவள் என் மகள் தேசம்மா. அவள் இன்னும் நடை பழகாத காலத்தில் நடந்தது இது.

டோல்கேட் பக்கம் பெரிய ரோட்டில் ஒரு ரேஷன் கடை இருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் நீளமாக வரிசை நிற்கும். சாக்கு வாசனையும் மக்கிப்போன அரிசி வாசனையும் எப்போதும் அங்கே உண்டு. அன்றைக்குப் புதிதாக ஸ்பிரிட் விளக்கு எரிகிற வாசனையும் வந்தது. கடை ஜன்னலுக்கு முன்னால் முக்காலி போட்டு, பெரியம்மை வராமல் இருக்க அம்மை குத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே என் மாமியார் கன்னியம்மா. அவர் இடுப்பில் தேசம்மா.

"கை" என்றார் அம்மை குத்துகிறவர். அவ்வளவுதான் சொன்னார்.

நான் ஏற்கெனவே குத்திக்கொண்டு ஓரமாக நின்று, மாமியாரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல் போட்ட கை, முழங்கை வரைக்கும் மீன் செதில் ஒட்டிய கை. அது நீளப் போகிறதா, அந்த மனிதரின் கன்னத்தில் இறங்கப் போகிறதா, எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையின் உயிர் அந்த ஒரு கையில் இருப்பதாகத் தோன்றியது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லையே?

யாருக்கும் அடங்காதவர்

போன வாரம் இங்கே என் மாமியாரைப் பற்றி நான் சொன்னதைப் படித்துவிட்டு, "அந்தம்மா நிஜமாகவே அவ்வளவு பொல்லாதவரா?" என்று ஒருவர் கேட்டாராம். பொல்லாதவர் இல்லை. யார் சொல்வதையும் கேட்க மாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் குப்பம் காசிமேட்டில். அப்போது அங்கே இப்போது இருக்கிற மீன்பிடித் துறைமுகம் கிடையாது. மணலும் கட்டுமரமும்தான். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, ரோட்டோரம் வலை காயப்போடக் கூடாது என்றார். மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தா நைனா, ரோடு நேத்து வந்துச்சி. மணலு எங்க பாட்டன் காலத்துலேந்து கீது. உனுக்கு எடம் வோணும்னா, உன் ரோட்ட எடுத்துகினு போய் வேற எங்கனா காயப்போடு!"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் அதட்ட முடியவில்லை. வலை அங்கேயே காய்ந்தது.

வீட்டிலும் அதே சட்டம்தான். என் புருஷன் கடலில் எந்த அலைக்கும் பயப்படாதவர், அம்மா முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். எதைக் கேட்டாலும், "அம்மாவ கேளு" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மீன் வறுக்காத தெரு

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பக்கத்துத் தெருவைத் தாண்டி வந்தபோது, என்னவோ குறைகிறது என்று மனசில் பட்டது. நாலு வீடு தள்ளி வந்த பிறகுதான் புரிந்தது. அந்தத் தெருவில் மீன் வறுக்கிற வாசனையே இல்லை.

எங்கள் சனத்தில் அம்மை வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை சொருகி, ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். ஒரு வீட்டில் வந்தால் சுற்றியிருக்கிற வீடுகளும் அடுப்பை அடக்கிக்கொள்ளும். மீன்காரக் குப்பத்தில் மீன் வாசனை நின்றுவிட்டால் மற்றதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

என் சித்தி மகனுக்குச் சின்ன வயசில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. எனக்கு வரவில்லை. என் கையில் காசு அளவுக்கு வட்டமாக வடு இருக்கிறது, பாருங்கள். ராயபுரத்தில் என் அப்பா வேலை பார்த்த பட்டறையில், வேலைக்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கேட்டிலேயே வைத்துக் குத்திவிட்டார்கள்.

என் அப்பா எப்படிப்பட்ட மனுஷர் என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பட்டறையில் சங்கு ஊதினால் சாப்பிடுவார், சங்கு ஊதினால் எழுந்திருப்பார். லீவு நாளில் சங்கு ஊதாது. அன்றைக்குச் சோற்றைப் போட்டு வைத்தாலும், "பசிக்கிற மாதிரியும் கீது, பசிக்காத மாதிரியும் கீது" என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா வாயால் ஊஊ என்று ஊதிக் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே தட்டில் கை வைப்பார். அப்படிப்பட்டவரைப் பட்டறைக் கேட்டில் வைத்து, கையை நீட்டு என்றால் நீட்டாமல் என்ன செய்வார்?

என் மாமியாருக்குச் சங்கு கிடையாது. நான் மெல்லப் பேச்செடுத்தேன்.

"அத்தே, கொழந்தைக்கு அம்மை குத்திக்கலாமா? எனுக்கு குத்திகீதே, பாருங்க."

"உன் கைல கீறது உங்கப்பன் வூட்டு சீரு. எம் பேத்தி கைல அது வராது. ஆத்தா வூடு தேடி வந்தா, நீ ஊசிய காட்டி வாசல்லயே நிக்கவெப்பியா?"

திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்க் குத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குழந்தை மாமியாரின் இடுப்பை விட்டு இறங்கினால்தானே? அப்படியே குத்திவிட்டாலும், அதற்குப் பிறகு அவள் தும்மினால் நான்தான் காரணம், விக்கினால் நான்தான் காரணம். அந்தக் குப்பத்தில் எந்த மருமகளும் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஊசிக்காரர்

அம்மை குத்துகிறவர் பெயர் ராமையா. ஒல்லியாக, காக்கிக் கோட்டு போட்டு, சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். ரொம்ப நல்ல மனுஷர். அதுதான் அவருக்கு இருந்த கஷ்டம்.

குப்பத்துக்குள் வந்து ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று, "அம்மா, கோவிச்சுக்காதீங்க. வேணும்னா குத்திக்கலாம், நல்லது" என்பார். வேணும்னா என்று கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்வார்கள்? என் மாமியார் மீன் கழுவிய தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினார். "தோ பாரு, உன் செருப்பு சுத்தமாயிடுச்சி. கெளம்பு." அவர் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இனிமேல் ரேஷன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமான மனுஷர், மூக்குக் கண்ணாடி. கடையில் கம்பி வலை அடித்த சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தலையை நிமிர்த்த மாட்டார். "அடுத்தது. பையைப் பிடி. தள்ளு. அடுத்தது." அவ்வளவுதான் அவர் பேச்சு.

அந்த ஜன்னலுக்கு முன்னால் என் மாமியார் வேறு ஆளாகிவிடுவார். தள்ளு என்றால் தள்ளுவார். அரிசியில் கல் இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். முதல் தடவை பார்த்தபோது அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

ஒருநாள் அதே ரேஷன்காரர் மீன் வாங்க மார்க்கெட்டுக்கு வந்தார். எங்கள் கூடையில் வவ்வால் மீன் இருந்தது. அவர் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். மாமியார் பட்டென்று அவர் கையில் ஒன்று வைத்தார்.

"கூடைல கை வெக்காத! நான் குடுக்கறத வாங்கிகினு போ. தள்ளி நில்லு, பின்னால ஆளு கீது."

அவர் தள்ளி நின்றார். மாமியார் கொடுத்த மீனைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அவரும் அதே ஆள், இவரும் அதே ஆள். கூடைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் தடவை தோற்றது

குழாயடிப் பக்கம் ராமையாவைப் பார்த்தபோது, "குப்பத்துக்கு வராதீங்க. ரேஷன் வரிசைக்கு வாங்க" என்றேன். அவரும் அடுத்த ரேஷன் நாளில் வந்தார். ஆனால் வரிசையின் வாலில் வந்து நின்று, பழையபடி, "அம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார்.

எங்கள் தெரு சரோஜா சும்மா விடுவாளா? மூக்குத்தி மின்ன ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"இன்னா மாமு, கோவிச்சிகினா இன்னா பண்ணுவ? அழுவியா?"

அவ்வளவுதான். அதுவரைக்கும் பேசாமல் நின்ற வரிசைக்கு மொத்தமாக வாய் வந்துவிட்டது. ஒருத்தி வேண்டாம் என்றதும் எல்லாருக்கும், அட, வேண்டாம் என்று சொல்லலாமே என்று ஞாபகம் வந்துவிட்டது. என் மாமியாரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ராமையா சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பின்னாலேயே ஓடி உப்புக்கடை முனையில் பிடித்தேன்.

"ஏங்க, நீங்க ஏன் கேக்கறீங்க? ரேஷன்காரர் என்னிக்காவது யாரையாவது கேட்டாரா?"

"அவர் ஆபீசர் மாதிரிம்மா. நான் யாரு? பெட்டி தூக்கறவன்."

"ஒரு முக்காலி போட்டு ஜன்னலுக்கு முன்னால குந்துங்க. நீங்களும் ஆபீசர்தான். வெளக்க ஏத்துங்க. கைன்னு சொல்லுங்க, அடுத்ததுன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க. உங்க வாய்லேந்து அம்மான்னு ஒரு வார்த்த வந்துச்சி, அத்தோட போச்சி."

"யாராவது ஏன்னு கேட்டா?"

"கேட்டா சொல்லுங்க. பொய் சொல்ல வேணாம். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "முதல் ஆள் மாட்டேன்னா என்னம்மா பண்றது?" என்றார்.

"மொத ஆளு நான்."

கல் போட்டு இடம் பிடித்தது

அப்போது ரேஷன் வரிசையில் விடிகிற நேரத்தில் ஆள் நிற்காது, கல்தான் நிற்கும். அவரவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடை திறக்கும்போது வந்து தன் கல் இருந்த இடத்தில் நின்றால் போதும். யாரும் யார் கல்லையும் நகர்த்த மாட்டார்கள். மனுஷரைத் தள்ளுவார்கள், கல்லைத் தள்ள மாட்டார்கள்.

என் கல்லை முதலில் வைத்தேன். மாமியாரின் கல் மூன்றாவதாக வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன், அவருக்கு முன்னால் இன்னொருத்தியும் கை நீட்டட்டும் என்று. நடுவில் வந்து அமைந்தது சரோஜாவின் கல். அதைக் கண்டதும் திக்கென்றது. எடுத்துப் பின்னால் வைக்கலாமா என்றுகூடக் குனிந்தேன். கை வரவில்லை. கல் ஆயிற்றே!

கடை திறந்தது. ராமையா கோட்டுப் பொத்தானை எல்லாம் மாட்டி, ஜன்னலுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு நீலமாக எரிந்தது. குழந்தையோடு மாமியார் வந்தார், பார்த்தார், தன் கல் இருந்த இடத்தில் நின்றார்.

"கை."

நீட்டினேன். அம்மைப் பால் என்கிற மருந்தைத் தடவி, பல் பல்லாக இருக்கும் ஒரு சின்ன சக்கரத்தைத் தோலில் வைத்து ஒரு திருகு திருகினார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் நகர்ந்து பையை நீட்டினேன். ஜன்னலிலிருந்து அரிசி விழுந்தது.

"அடுத்தது."

சரோஜா. போன தடவை ராமையாவை அழுவியா என்று கேட்ட அதே சரோஜா. அவள் என் கையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வலது கையை நீட்டினாள். குத்தி முடித்ததும் இடது கையையும் நீட்டினாள்.

"ஒண்ணு போதும்" என்றார் ராமையா.

"பக்கத்து வூட்டு அக்கா கார்டும் என்னாண்டதான் கீது. அவங்களுக்கு இந்தக் கை."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்த எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ராமையா அந்தக் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு, "அடுத்தது" என்றார்.

அந்தக் கை

இப்போது நான் ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டேன். என் மாமியார் நிற்கிறார். "கை" என்கிறார் ராமையா.

மாமியார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாய் திறந்தது. உள்ளேயிருந்து ரேஷன்காரர் தலை நிமிராமலேயே, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "போ ஆயா, வெயிலு கொளுத்துது" என்றாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. கை நீண்டது.

ராமையா திருகினார். பிறகு பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல், "குழந்தை" என்றார்.

தேசம்மாவின் சட்டையை மேலே சுருட்டி, அந்தச் சின்னக் கையை அசையாமல் கெட்டியாகப் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்தான். குழந்தை வீரிட்டது. "ஆச்சி ஆச்சி, ஆச்சிடி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து வந்து பையை நீட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று அந்த முக்காலியில் உட்கார்ந்தது ராமையா மாதிரி ஒரு நல்லவர். வேறு எவனாவது உட்கார்ந்து வேறு எதையாவது வைத்துக்கொண்டு கை என்று சொல்லியிருந்தாலும் நாங்கள் நீட்டியிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மணலில் கால் பட்டதும்

பெரிய ரோடு முழுக்க மாமியார் பேசவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, குப்பத்து மணலில் கால் பட்டதும் நின்றார்.

"ஏமே தனம், இப்ப இன்னா நடந்துச்சி?"

"அம்மை குத்திகினோம் அத்தே."

"அது தெரியுது. நான் ஏன் கைய நீட்னேன்?"

"எனுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான நீட்னீங்க."

"நீ நீட்ன. அந்த சோமாரி சரோஜா ரெண்டு கையும் நீட்னா. பின்னால ஆளு நின்னுகினு போ போன்றாங்க. அந்தக் கண்ணாடிக்காரன் சீக்கிரம்ன்றான். நடுவுல நான் இன்னா செய்ய?"

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கங்கையம்மன் கோயிலுக்குப் போனார். நானும் பயந்துகொண்டே பின்னால் போனேன். அம்மனுக்கு முன்னால் நின்று, வழக்கு சொல்கிற மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"இதோ பாரு தாயி, கேட்டுக்க. நான் நீட்டல. வரிசை நீட்டிச்சி. கோவம் இருந்தா வரிசையாண்ட போய்ப் பேசிக்க. எங்க வூட்டாண்ட வராத."

கற்பூரம் ஏற்றினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டார்.

தேசம்மாவுக்கு இரண்டு நாள் உடம்பு சுட்டது. கையில் கொப்புளம் வந்து காய்ந்து உதிர்ந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையை எப்படித் திட்டுவது? அம்மை எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிப்போனது. பக்கத்துத் தெருவில் சில பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

அடுத்த ரேஷன் நாள்

அடுத்த ரேஷன் நாளில் வரிசை இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. பாதிப் பேர் கையில் பையே இல்லை. இடுப்பில் பிள்ளை மட்டும் இருந்தது. ராமையா வீடு தேடி வந்தபோது கதவைச் சாத்தியவர்கள்தான் எல்லாரும். மனசுக்குள் எல்லாருக்கும் பிள்ளைக்குக் குத்த வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. நானாகத்தான் குத்திக்கொண்டேன் என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் பயம். வரிசையில் நின்றால் அந்தப் பயம் இல்லை.

அவர்களுக்கெல்லாம் விடியற்காலையிலேயே கல் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தது யார்? என் மாமியார். இடுப்பில் தேசம்மாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, வரிசையின் முன்னாலும் பின்னாலும் நடந்து அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஒயுங்கா நில்லுங்கடி! சட்டைய முன்னாடியே சுருட்டி வெச்சிக்க! கேள்வி கேக்காத, அவுருக்கு நேரம் இல்ல!"

சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, நீதான அன்னிக்கி அந்தாளு கால்ல மீன் தண்ணிய ஊத்தி தொரத்துன? வேணாம் வேணாம்னு கத்துன?"

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் இப்பவும் வேணாம்னுதாண்டி சொல்றேன். வரிசைதான் வோணும்ங்குது. நில்லு!"

சரி, இந்த வாரத்துக்கு இது போதும். கண்ணு, பேனாவை மூடிவிட்டு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. நான் பேசுகிற இடத்தை எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள். உன் கொள்ளுப்பாட்டி பேசுகிற இடம் வந்தால் மட்டும் எழுந்து நின்று சத்தமாகப் படி.